நெத்திலியை இனம் பிரித்தல்: தொண்டை, வயிறு, தாடை

நெத்திலியை இனம் பிரிக்கப் பழகுபவர்கள் முதலில் பார்ப்பது பக்கவாட்டில் ஓடும் வெள்ளிப் பட்டையை. அடுத்து நீளம், பிறகு முதுகின் நிறம். உண்மையில் இந்த மூன்றையும் கடைசியில்தான் பார்க்க வேண்டும். வெள்ளிப் பட்டை பல இனங்களுக்குப் பொதுவானது. மீன் பழையதாக ஆக அதன் அகலமும் பளபளப்பும் மாறும். நீளத்தை வைத்து வயதைத்தான் ஊகிக்கலாம். முதுகின் நிறமோ மீன் உயிரோடு இருக்கையில் ஒன்று, இறந்தபின் ஒன்று, பதப்படுத்தியபின் வேறொன்று. இனத்தை உறுதியாகச் சொல்லும் அடையாளங்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன: தொண்டையின் அடிப்பக்கம், வயிற்றின் விளிம்பு, மேல்தாடை எலும்பின் பின்முனை. இவற்றை அதே வரிசையில் பார்த்தால் பாதிக் குழப்பம் முதல் சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும்.

நெத்திலிகள் எங்ராலிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. சாளை, சூடை, உள்ளம் ஆகியவை அடங்கும் குளூப்பிஃபார்மிஸ் வரிசைதான் இவற்றுக்கும். குடும்பத்தில் சுமார் 17 பேரினங்களும் 140-க்கும் மேற்பட்ட இனங்களும் உள்ளன. பெரும்பாலானவை கடலோரத்தில் கூட்டமாகத் திரியும் மேல்மட்ட மீன்கள். கழிமுகங்களிலும், தென் அமெரிக்க, ஆசிய ஆறுகளிலும் வாழும் இனங்களும் உண்டு. அமேசான் படுகையின் அமேசான்ஸ்பிராட்டஸ் சின்டில்லா 2 செ.மீ. அளவிலேயே முழு வளர்ச்சி அடைந்துவிடுகிறது. நியூகினி ஆறுகளின் திரிசா ஸ்க்ராட்ச்லியை 35 செ.மீ.க்கு மேல் வளர்கிறது. இவ்வளவு விரிந்த குடும்பத்தில் ‘நெத்திலி’ என்ற ஒற்றைச் சொல் தமிழில் பெரும்பாலும் குறிப்பது ஸ்டோலெபோரஸ், என்கிராசிகோலினா என்னும் இரண்டு பேரினங்களை மட்டுமே. பக்கவாட்டில் தட்டையான உடலும் நீண்ட தாடையும் கொண்ட திரிசா இனங்களுக்குப் ‘பொருவா’ என்ற பெயர் தனியாகவே இருக்கிறது. அந்தப் பிரிவு அறிவியல் பிரிவோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

முதலில், இது நெத்திலிதானா?

நெத்திலியின் மூக்கு வாய்க்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். கீழ்த்தாடை குறுகலானது, மூக்கின் நுனிக்குப் பின்னாலேயே முடிந்துவிடும். மேல்தாடை எலும்பு கண்ணைத் தாண்டி வெகுதூரம் பின்னால் போகும், அதனால் வாயைத் திறந்தால் தலையின் பெரும்பகுதி பிளந்துகொள்வதுபோல் தெரியும். முதுகுத் துடுப்பு ஒன்றே, அதில் கூர்முள் கிடையாது. உடலில் பக்கக்கோடு இல்லை.

இந்த விவரம் தெரிந்தால் மற்ற வெள்ளிப்பட்டை மீன்கள் தாமாக விலகிவிடும். சாளை, சூடை வகைகளுக்கு வாய் முகத்தின் நுனியில் இருக்கும், தாடை குட்டை. ஸ்பிராட்டெலாய்டஸ் இனங்கள் உருண்டு ஒல்லியாக நெத்திலிபோலவே இருந்தாலும், அவற்றின் வாயும் சிறியது, நுனியிலேயே இருப்பது. இடுப்புத் துடுப்புக்கு முன்னால் வயிற்றில் முள் எதுவும் இருக்காது. அதெரினிடே குடும்பத்து மீன்களுக்கும் பளிச்சென்ற பட்டை உண்டு, ஆனால் முதுகுத் துடுப்பு இரண்டு. முன்னது மெல்லிய முட்களால் ஆனது. எஸ்குவலோசா தொராக்காட்டாவுக்கும் வெள்ளிப் பட்டை இருப்பதால் அது அடிக்கடி நெத்திலிக் குவியலுக்குள் போய்விடுகிறது. அதன் மூக்கைப் பார்த்தாலே போதும், துருத்தல் இல்லை.

இதைப் பார்க்கும்போது வாய் மூடியிருக்க வேண்டும். இறந்த நெத்திலியின் வாய் பெரும்பாலும் திறந்தே விறைத்திருக்கும். அந்த நிலையில் கீழ்த்தாடை முன்னால் வந்து, மூக்குத் துருத்தல் குறைவாகத் தோன்றும். விரல்நுனியால் மோவாயை மெல்ல மேலே தள்ளி மூடிவிட்டுப் பார்ப்பது நல்லது.

மேசையில் என்னென்ன வேண்டும்

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், முடிந்தால் 20 மடங்கு வரை போகும் இருகண் நுண்ணோக்கி, மெல்லிய ஊசி இரண்டு, கூர்நுனி இடுக்கி, 0.1 மி.மீ. வரை அளக்கும் வெர்னியர், உறிஞ்சு காகிதம், கறுப்புப் பின்னணிக்கு ஒரு தட்டு. நெத்திலியின் செதில்கள் தொட்டாலே உதிர்பவை. ஆகவே குவியலைக் கிளறாமல், மேலே கிடக்கும் சேதமில்லாத மீன்களை வாலின் அடியைப் பிடித்து எடுக்க வேண்டும். ஒரு கூட்டத்திலிருந்து ஒரே மீனை எடுத்து முடிவு சொல்லக் கூடாது. நெத்திலிக் கூட்டங்கள் கலப்பானவை. ஒரே வலையில் மூன்று நான்கு இனங்கள் வருவது சாதாரணம். பெரியது, நடுத்தரம், சிறியது என்று குறைந்தது 20 மீன்களாவது பார்த்தால்தான் கலப்பு தெரியும்.

தலை இடப்பக்கம் வருமாறு கிடத்தி, அளவுகளையும் எண்ணிக்கைகளையும் இடப்பக்கத்திலேயே எடுப்பது வழக்கம். மரபணுவுக்குத் திசு வெட்ட வேண்டுமானால் வலப்பக்கத்திலிருந்து எடுப்பார்கள், இடப்பக்கம் பழுதாகாமல் இருக்கும்.

தொண்டை

ஸ்டோலெபோரஸையும் என்கிராசிகோலினாவையும் பிரிக்கும் உறுதியான இடம் இதுதான். பலர் இதைத் தாண்டிப் போவதற்குக் காரணம், மீனை மல்லாக்கப் போட்டுச் சவ்வை விலக்க வேண்டியிருப்பது மட்டுமே.

மீனை மல்லாக்க வைத்து, செவுள்மூடிகளின் அடியில் விசிறிபோல் விரியும் செவுள் சவ்வுகளை ஊசியால் இருபக்கமும் மெல்ல ஒதுக்க வேண்டும். நடுவில் மார்பிலிருந்து முன்னோக்கிக் கூம்பி வரும் தசைப்பட்டை தெரியும். இஸ்த்மஸ் எனப்படுவது இதுதான். ஸ்டோலெபோரஸில் இந்தத் தசை சீராகக் கூம்பிக்கொண்டே போய், இடவலச் செவுள் சவ்வுகள் ஒன்றுசேரும் இடத்தின் பின்விளிம்பைத் தொட்டுவிடும். இடையில் எலும்பு எதுவும் வெளியே தெரியாது. என்கிராசிகோலினாவில் தசை அவ்வளவு தூரம் போகாமல் முன்னதாகவே நின்றுவிடும். அது நின்ற இடத்துக்கும் சவ்வுக்கும் நடுவே யூரோஹயல் என்னும் எலும்புத் தட்டு மூடாமல் கிடக்கும்; அதற்கும் முன்னால் ஒரு சிறு சதைக் குமிழ் இருக்கும். லென்ஸில் பார்த்தால் தசை ஒளிபுகாத வெண்மையாகவும், எலும்புத் தட்டு கண்ணாடிபோல் மினுமினுப்பாகவும் தெரியும். இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்குப் பிறகு சந்தேகம் வராது.

தவறு நேர்வது இரண்டு வகையில். சவ்வை இழுத்துக் கிழித்துவிட்டால் அதன் பின்விளிம்பு எங்கே இருந்தது என்பதே தெரியாமல் போகும்; தசை எதைத் தொட்டது என்று சொல்ல முடியாது. கோழை படிந்திருந்தால் எலும்புத் தட்டின் மேலேயும் வெண்படலம் இருக்கும், அது தசைபோல் தோன்றும். உறிஞ்சு காகிதத்தின் மூலையால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். காய்ந்த மீனில் தொண்டை சுருங்கி இறுகிவிடுவதால் இந்த அடையாளம் பெரும்பாலும் கைகொடுக்காது. சில மணி நேரம் நீரில் ஊறவைத்தால் ஓரளவு மீளும்.

தொண்டை சிதைந்த மீனுக்கு மாற்று அடையாளம் உண்டு. முதுகுத் துடுப்பின் கடைசிக் கதிரின் அடியிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இறக்குங்கள். என்கிராசிகோலினாவில் குதத் துடுப்பு அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் தொடங்கும். ஸ்டோலெபோரஸில் குதத் துடுப்பின் தொடக்கம் முதுகுத் துடுப்பின் அடிக்குக் கீழேயே வந்துவிடும். வளைந்து விறைத்த மீனில் இந்தக் கோடு ஏமாற்றும். உடலை நேராக நிமிர்த்தி, ஊசியை உடலின் அச்சுக்குச் செங்குத்தாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். குதத் துடுப்பும் என்கிராசிகோலினாவில் குட்டை. கிளைத்த கதிர்கள் பெரும்பாலும் 14 முதல் 16. ஸ்டோலெபோரஸில் பொதுவாக அதைவிடக் கூடுதல்.

வயிறு

நெத்திலிக் குடும்பத்தின் வயிற்று விளிம்பில் செதிலிலிருந்து உருமாறிய சிறு எலும்புத் தகடுகள் இருக்கலாம், சில ஊசிபோன்ற முனையோடு. இவற்றை முள்செதில் என்று சொல்லலாம். இவை இருக்கின்றனவா, எங்கே இருக்கின்றன, எத்தனை என்ற மூன்று கேள்விகளும் பேரினங்களைப் பெரும் குழுக்களாகப் பிரித்துவிடும்.

எங்ராலிஸ் பேரினத்திலும் அமெரிக்கக் கண்டங்களின் பேரினங்களிலும் இடுப்புத் துடுப்புக்கு முன்னால் முள்செதில் வரிசை கிடையாது. வயிறு வழவழப்பாக இருக்கும். ஸ்டோலெபோரஸிலும் என்கிராசிகோலினாவிலும் மார்புத் துடுப்புக்கும் இடுப்புத் துடுப்புக்கும் நடுவில் மட்டும், பெரும்பாலும் 2 முதல் 7 வரை, ஊசிமுனை முள்செதில்கள் இருக்கும். இடுப்புக்குப் பின்னால் எதுவும் இல்லை. திரிசாவிலும் செட்டிபின்னாவிலும் இடுப்புக்கு முன்னும் பின்னுமாக வயிறு முழுக்க ரம்பம்போல் வரிசை ஓடும். திரிசா பெலாமா மட்டும் இதில் கொஞ்சம் விலகி நிற்கும்: இடுப்புக்கு முன்னுள்ள வரிசை தொண்டை வரை நீளாமல் சில தகடுகளோடு நின்றுவிடும். அண்மைக் காலத்தில் இந்த இனமும் வேறு சிலவும் திரிசினா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டிருப்பதால், புதிய பட்டியல்களில் அந்தப் பெயரிலும் தேட வேண்டும்.

கண்ணால் தேடுவதைவிட ஊசியால் தேடுவது எளிது. வயிற்றை ஒற்றி ஈரம் போக்கியபின், இடுப்புத் துடுப்பிலிருந்து தொண்டையை நோக்கி ஊசியின் பக்கவாட்டை மெல்ல இழுக்க வேண்டும். முனைகள் பின்னோக்கி இருப்பதால் இந்தத் திசையில் ஒவ்வொன்றும் ஊசியில் மாட்டும். எதிர்த்திசையில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். இல்லை என்று தவறாக எழுதிவிடுவோம். இடுப்புத் துடுப்பின் அடியிலேயே உள்ள தகட்டை முன்வரிசையோடு சேர்த்து எண்ணக் கூடாது. அது தனிக் கணக்கு. அந்த இடுப்புத் தகட்டிலும் கூர்முனை இருக்கிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும், ஸ்டோலெபோரஸின் சில இனங்களைப் பிரிக்க அது தேவைப்படும். 4 செ.மீ.க்குக் குறைந்த மீன்களில் முன்பக்கத் தகடுகள் தோலுக்குள் புதைந்திருக்கும். பதப்படுத்திய மாதிரியாக இருந்தால் அலிசரின் சிவப்புச் சாயம் ஏற்றினால் எலும்பு மட்டும் சிவந்து எண்ணுவதற்கு வசதியாக இருக்கும்.

இந்தச் சோதனை எவ்வளவு பயன்படும் என்பதற்கு மேற்கு பசிபிக் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே எங்ராலிஸ் ஜப்பானிகஸும் என்கிராசிகோலினா இனங்களும் ஒரே வலையில் விழுகின்றன. அளவிலும் பட்டையிலும் இரண்டும் ஒன்றையொன்று ஒத்தவை. வயிற்றில் ஒரு முறை ஊசியை இழுத்தால் போதும்: மாட்டினால் என்கிராசிகோலினா, வழுக்கினால் எங்ராலிஸ்.

தாடையின் பின்முனை

பேரினம் தெரிந்துவிட்டால் இனத்துக்கு இறங்கும் படி பெரும்பாலும் தாடைதான். மேல்தாடை எலும்பு எங்கே முடிகிறது, அதன் முனை கூரா மழுங்கலா என்பவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். முனை எட்டும் தூரத்தை அளக்கக் கன்னத்தில் உள்ள முன்செவுள்மூடி எலும்பின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் எல்லைக்கல்லாக வைத்துக்கொள்வார்கள். இந்த எலும்பின் மேல் தோல் போர்த்தியிருப்பதால் விளிம்பு சட்டெனத் தெரியாது. ஊசி நுனியால் வருடினால் மெல்லிய மேடு தட்டுப்படும்.

என்கிராசிகோலினா பங்ட்டிஃபர் கரையிலிருந்து விலகிய நீரிலும் ஏராளமாக வாழ்வது. இதன் தாடை எலும்பு குட்டை, முனை மழுங்கியது, முன்செவுள்மூடியின் முன்விளிம்பைத் தாண்டாது. அதே பேரினத்தில் கூர்முனை கொண்ட இனங்கள் இரண்டு பரவலாகக் கிடைக்கின்றன: ஒன்றில் முனை முன்செவுள்மூடியின் பின்விளிம்பு வரை அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக நிற்கும், மற்றதில் அந்த விளிம்பையும் தாண்டிப் போகும். இவற்றின் பெயரில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

மழுங்கிய முனையைக் கண்டவுடன் பங்ட்டிஃபர் என்று எழுதிவிடக் கூடாது. கூர்முனை மெல்லியது, வலையில் உரசி ஒடியக்கூடியது. ஒடிந்த முனையும் மழுங்கலாகத்தான் தெரியும். ஒடிந்த விளிம்பு ஒழுங்கற்றும் சொரசொரப்பாகவும் இருக்கும், இயல்பான மழுங்கல் வழவழப்பாக வளைந்திருக்கும். இரண்டு பக்கத் தாடையையும் பார்த்துவிட்டால் இந்தத் தவறு நேராது.

ஸ்டோலெபோரஸில் தாடை முனையோடு முன்செவுள்மூடியின் பின்விளிம்பு வடிவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டோலெபோரஸ் இண்டிகஸில் அந்த விளிம்பு வெளிநோக்கிச் சீராக வளைந்திருக்கும். தாடை முனை அதைத் தாண்டாது. 15 செ.மீ. வரை வளரும் இந்த மீன் இந்தப் பேரினத்தில் பெரியவற்றுள் ஒன்று. ஸ்டோலெபோரஸ் கொமெர்சோனியில் விளிம்பு உள்நோக்கிக் குழிந்திருக்கும்; கூரான தாடை முனை அதுவரை எட்டும் அல்லது சற்றுத் தாண்டும். ஸ்டோலெபோரஸ் வைட்டேயும் இதே வடிவம்தான். ஆனால் கண்ணுக்குக் கீழேயும் கீழ்த்தாடை நுனியிலும் கரும்புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும்.

நிறத்தை நம்ப வேண்டாம் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். விளக்கம் வேதியியலில் இருக்கிறது. நெத்திலியின் வெள்ளி மினுக்கம் குவானின் படிகங்களால் வருவது. ஃபார்மலினில், அதுவும் அமிலத்தன்மை ஏறிய ஃபார்மலினில், அது கரைந்து மறையும். கரும்புள்ளிகள் மெலனின் நிறமி. அவை பதப்படுத்தியபின்னும் நெடுங்காலம் நிற்கும். எனவே பட்டையின் அகலத்தை ஒதுக்கிவிட்டு, கறுப்புப் புள்ளி, கறுப்புக் கோடு எங்கே இருக்கிறது என்பதைப் பதிவு செய்யலாம். முதுகில் தலைக்குப் பின்னிருந்து முதுகுத் துடுப்பு வரை இரட்டைக் கோடு ஓடுகிறதா, பிடரியில் இரட்டைத் திட்டு இருக்கிறதா என்பவை ஸ்டோலெபோரஸ் இனங்களுக்குப் பயனுள்ள அடையாளங்கள். வெயிலில் காய்ந்த மாதிரியில் இதுவும் வெளிறிவிடும்.

முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால் ஒரு சிறு முள் சில இனங்களில் இருக்கும்: ஸ்டோலெபோரஸ் ட்ரி, ஸ்டோலெபோரஸ் பகனென்சிஸ், ஸ்டோலெபோரஸ் டுபியோசஸ். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. தலையை நோக்கி ஊசியை இழுத்தால்தான் மாட்டும். இந்த ஒரு முள் இருப்பது தெரிந்துவிட்டால் பட்டியல் ஒரேயடியாகச் சுருங்கிவிடும், தேடும் சிரமத்துக்கு அது மிகவும் தகும்.

பொருவாவும் அதன் உறவுகளும்

திரிசா இனங்களில் உடல் பக்கவாட்டில் தட்டையானது, குதத் துடுப்பு நீளமானது. 30 கதிர்களுக்கு மேல் இருக்கும். இங்கே தாடை நீளமே முதல் அளவுகோல். திரிசா ஹாமில்டோனியில் தாடை முனை செவுள்திறப்பின் விளிம்பை ஒட்டி முடியும். செவுள்திறப்பின் மேல்மூலைக்குப் பின்னால் கருந்திட்டு உண்டு. திரிசா மிஸ்டாக்ஸில் மார்புத் துடுப்பின் அடிவரை எட்டும். திரிசா செட்டிரோஸ்ட்ரிஸில் அது இடுப்புத் துடுப்பு வரை, சிலவற்றில் அதையும் தாண்டி, நூல்போல் நீண்டுகிடக்கும். முழுமையாக இருந்தால் இதை வேறு எதனோடும் குழப்ப முடியாது. ஒடிந்திருந்தால்தான் தொல்லை, அப்போது முதல் செவுள் வளைவின் கீழ்ப்பகுதியில் உள்ள சல்லடை முட்களை எண்ணிப் பார்க்க வேண்டும். திரிசாவில் பல இனங்களைப் பிரிப்பதே இந்த எண்ணிக்கைதான், ஆகவே தாடை முழுமையாக இருந்தாலும் எண்ணிவிடுவது நல்லது.

செட்டிபின்னாவில் மார்புத் துடுப்பின் மேற்கதிர் இழையாக நீளும். கோய்லியாவின் உருவமே வேறு: உடல் வாலை நோக்கிக் கூம்பிக்கொண்டே போய், நீண்ட குதத் துடுப்பு வால் துடுப்போடு இணைந்துவிடும். மார்புத் துடுப்பின் மேற்கதிர்கள் தனித்தனி இழைகளாகத் தொங்கும். இழைகளின் எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறுவதால் அதை எண்ணுவது அவசியம். ஒடிந்த இழைகளும் அடித்தண்டை விட்டிருக்கும், அதையும் சேர்த்தே எண்ண வேண்டும். கோய்லியா டுசுமியெரியின் உடலின் கீழ்ப்பக்கத்தில் முத்துப்போன்ற பொன்னிறப் புள்ளிகள் வரிசைகளாக உண்டு, அவை ஒளியுறுப்புகள். நெருங்கிய இனமான கோய்லியா நெக்லெக்டாவில் அவை இல்லை. தோல் உரிந்த மீனில் புள்ளிகளும் போயிருக்கும் என்பதால், ‘புள்ளி இல்லை’ என்று எழுதுமுன் தோல் முழுதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வழவழப்பான வயிறு கொண்டவை

முள்செதில் வரிசை இல்லாத குழுவில் பேரினத்தைப் பிரிக்கச் செவுள்மூடியைத் தூக்க வேண்டும். மூடியின் உட்பக்கத்தில், மேலே, சிறு சீப்புபோன்ற போலிச் செவுள் இருக்கும். எங்ராலிஸில் அது கண்ணின் விட்டத்தைவிட நீளம். செவுள்மூடியின் உட்சுவர் வரை நீண்டிருக்கும். அங்கோவா, அங்கோவியெல்லா பேரினங்களில் கண்ணைவிடக் குட்டை. அங்கோவாவில் தாடை முனை நீண்டு கூராக இருக்கும். அங்கோவியெல்லாவில் குட்டை, மழுங்கல். செட்டெங்ராலிஸில் இடவலச் செவுள் சவ்வுகள் அகலமாக இணைந்து தொண்டையையே மூடிக்கிடக்கும். லைசெங்ராலிஸில் பற்கள் கோரைப்பற்கள்போல் பெரியவை.

பெருவின் கடலில் இந்தப் போலிச் செவுளுக்கு நேரடிப் பயன் உண்டு. எங்ராலிஸ் ரிங்கென்ஸ் என்ற ஒரே இனத்தின் ஆண்டுப் பிடிப்பு 1970-ஐ ஒட்டி 1.2 கோடி டன்னைத் தாண்டியது. எல் நினோ தாக்கிய 1972-க்குப் பிறகு சரிந்தது. இத்தகைய இனத்தின் இருப்பைக் கணிக்கும்போது, அதே நீரில் வாழும் அங்கோவா நாசஸ் மாதிரிக்குள் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். உருண்ட ஒல்லி உடல், மழுங்கிய தாடை, நீண்ட போலிச் செவுள் என்றால் ரிங்கென்ஸ். தட்டையான உடல், குட்டைப் போலிச் செவுள் என்றால் நாசஸ்.

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் அங்கோவா மிட்சில்லியையும் அங்கோவா ஹெப்செட்டஸையும் பிரிக்கத் துடுப்புகளின் இருப்பிடமே போதும். மிட்சில்லியில் குதத் துடுப்பு ஏறத்தாழ முதுகுத் துடுப்பின் தொடக்கத்துக்கு நேர்கீழேயே தொடங்கும். ஹெப்செட்டஸில் மேலும் பின்னால் தொடங்கும்.

எண்ணும் முறை

துடுப்புக் கதிர்களில் கிளைக்காதவற்றைச் சிறிய ரோமன் எண்ணாலும் கிளைத்தவற்றைச் சாதாரண எண்ணாலும் தனித்தனியாக எழுதுவார்கள். குதத் துடுப்பின் முதற்கதிர் மிகச் சிறியது, தோலுக்குள் மறைந்திருக்கும்; அதைத் தவறவிடுவதால்தான் இருவர் எண்ணிக்கை ஒன்றால் வேறுபடும். கடைசியில் இரண்டு கதிர்கள் ஒரே அடியிலிருந்து வந்தால் அவற்றை ஒன்றாகவே எண்ண வேண்டும். கீழிருந்து ஒளி விட்டால் எண்ணுவது எளிது.

செவுள் சல்லடை முட்களுக்கு முதல் வளைவை வெட்டி எடுக்கலாம். வெட்ட மனமில்லாவிட்டால் மூடியைத் தூக்கிப் பார்க்கலாம். மேல்வளைவு, கீழ்வளைவு இரண்டையும் பிரித்து எழுத வேண்டும். இரண்டும் சேரும் மூலையில் நிற்கும் முள்ளைக் கீழ்வளைவோடு சேர்ப்பதா, தனியே எழுதுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்து, அதைக் குறிப்பிலும் எழுதிவிட வேண்டும். எண்ணிக்கை மீன் வளர வளரக் கூடும் இனங்களும் இருப்பதால் மீனின் நீளம் இல்லாத எண்ணிக்கைக்கு மதிப்புக் குறைவு. நீளம் என்பது மூக்குநுனி முதல் வால் துடுப்பின் அடியெலும்பு வரை. வால்நுனி வரை அளந்த முழுநீளத்தை இதோடு கலந்தால் உடல் விகிதங்கள் எல்லாமே தவறும்.

கண்ணாடிபோன்ற குஞ்சுகளில் மேலே சொன்ன அடையாளங்கள் பெரும்பாலும் உருவாகியிருக்காது. அந்த நிலையில் நெத்திலிக் குஞ்சைச் சாளைக் குஞ்சிலிருந்து பிரிக்க முதுகுத் துடுப்பையும் குதத் துடுப்பையும் பார்ப்பார்கள். நெத்திலியில் இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாகவோ மிக அருகிலோ இருக்கும்; சாளையில் குதத் துடுப்பு வெகுதூரம் பின்னால் போய்விடும். குடும்பம் வரை இது போதும். இனம் வேண்டுமானால் மரபணுதான்.

பெயர் மாறும், அளவு மாறாது

என்கிராசிகோலினா இனங்கள் நெடுங்காலம் ஸ்டோலெபோரஸில்தான் இருந்தன. பழைய அறிக்கைகளில் ஸ்டோலெபோரஸ் புக்கானீரி என்று இருப்பது இன்றைய என்கிராசிகோலினா பங்ட்டிஃபர். இது வெறும் பெயர் மாற்றம், மாற்றி எழுதினால் தீர்ந்தது.

கூர்முனைத் தாடை கொண்ட இரண்டு இனங்களின் கதை அப்படியில்லை. 1988-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட இனப் பட்டியலைப் பின்பற்றி, நீண்ட தாடை கொண்டதை ஹெட்டெரோலோபா என்றும் குட்டைத் தாடை கொண்டதை டெவிசி என்றும் எல்லோரும் எழுதிவந்தார்கள். 2017-இல் மீனின ஆய்வாளர்கள் ஹாத்தாவும் மோட்டோமுராவும், முதலில் பெயரிட்டபோது ஆதாரமாக வைத்த மூல மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ருப்பெல் 1837-இல் ஹெட்டெரோலோபா என்று பெயரிட்டது குட்டைத் தாடை மீனுக்குத்தான் என்று தெரிந்தது. அதனால் 1940-இல் வந்த டெவிசி என்ற பெயர் ஹெட்டெரோலோபாவின் மறுபெயராகி விலகியது. நீண்ட தாடை மீனுக்கு ஹார்டென்பெர்க் 1933-இல் வைத்த சூடோஹெட்டெரோலோபா என்ற பெயர் திரும்ப வந்தது.

விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2017-க்கு முந்தைய பிடிப்புப் பதிவில் ‘ஹெட்டெரோலோபா’ என்றிருந்தால் அது பெரும்பாலும் இன்றைய சூடோஹெட்டெரோலோபா. பிந்தைய பதிவில் அதே சொல் வேறு மீன். இரண்டையும் ஒரே வரிசையில் சேர்த்து வரைபடம் போட்டால், கடலில் எதுவும் மாறாமலே ஒரு இனம் குறைந்து இன்னொன்று பெருகியதுபோல் காட்டும். மரபணுத் தரவகங்களிலும் இதே கோளாறு உண்டு. இனம் காணப் பயன்படும், சுமார் 650 எழுத்து நீளமுள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுத் துண்டு இரண்டு மீன்கள் வேறு என்று சரியாகவே சொல்லும். ஆனால் தரவகத்தில் அந்த வரிசைக்கு ஒட்டியிருக்கும் பெயர், மீனை அனுப்பியவர் எந்த நூலைப் பார்த்து எழுதினாரோ அந்த நூலின் பெயர். தாடையைப் பார்க்காமல் மரபணு முடிவை மட்டும் ஏற்றால் பழைய தவறு புதிய வடிவத்தில் தொடரும். ஹாத்தாவும் மோட்டோமுராவும் மற்றவர்களும் ஸ்டோலெபோரஸிலும் பல புதிய இனங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கொமெர்சோனி, இண்டிகஸ் என்று ஒரே பெயரில் போனவற்றுள் சில இப்போது தனி இனங்கள்.

இதற்கு மாற்று, பெயரோடு அடையாளத்தையும் எழுதி வைப்பது. ஒவ்வொரு மாதிரிக்கும் குறைந்தது இவ்வளவு வேண்டும்: தொண்டையில் எலும்புத் தட்டு தெரிகிறதா, இடுப்புக்கு முன்னுள்ள முள்செதில் எண்ணிக்கை, இடுப்புத் தகட்டில் முனை உண்டா, தாடை முனை கூரா மழுங்கலா, முன்செவுள்மூடியின் எந்த விளிம்பு வரை எட்டுகிறது, குதத் துடுப்பு தொடங்கும் இடம், கதிர் எண்ணிக்கை, கீழ்வளைவுச் சல்லடை முட்கள், கரும்புள்ளிகள் இருக்கும் இடம், வால் துடுப்பின் அடி வரை நீளம், பிடித்த இடம், நாள், பார்த்த நூலின் பதிப்பு. தலையின் இடப்பக்கத்தையும் மல்லாந்த தொண்டையையும் அளவுகோலோடு இரண்டு படம் எடுத்துவிட வேண்டும்.

மாதிரியைச் சேமிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் வலப்பக்க மார்புத் துடுப்பிலோ தசையிலோ சிறு துண்டு வெட்டி 95 விழுக்காடு எத்தனாலில் போட வேண்டும். அதன்பிறகே உடலைச் சமநிலைப்படுத்திய 10 விழுக்காடு ஃபார்மலினில் இறக்க வேண்டும், ஏனென்றால் ஃபார்மலின் பட்ட திசுவிலிருந்து மரபணு எடுப்பது மிகக் கடினம். உடல் உறுதிப்பட்டதும் நீரில் அலசி 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்றலாம். வாய் மூடிய நிலையிலேயே ஃபார்மலினில் போடுவது நல்லது. திறந்தபடி விறைத்த தாடையைப் பின்னால் மூட முயன்றால் ஒடிவது, இனத்தைச் சொல்ல வேண்டிய அந்த முனைதான்.